ரிச்மண்டின் ஜார்ஜியன் தியேட்டர்: 115 வருஷம் மூடிக் கிடந்ததால் தப்பித்த நாடகக் கொட்டகை

கேள்வி இது: "இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் 1788-இல் கட்டிய நாடக அரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாமே. எட்டாயிரம் பேர் சொச்சம் இருக்கிற ஊரில் அது எப்படிப் பிழைத்தது? புதுப்பித்தார்கள் என்கிறார்கள். அப்படியானால் இன்று நாம் பார்ப்பதில் எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு?"

இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், "அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பாரம்பரியத்தின் மீது அவ்வளவு அக்கறை" என்பது. 1960-க்குப் பிறகான கதைக்கு அது பொருந்தும். அதற்கு முன்னால் 1848-இலிருந்து 1963 வரை, அதாவது 115 வருஷம், அது தியேட்டராகவே இல்லை. ஏலக்கடையாகவும் குடோனாகவும் கிடந்தது. அப்படிக் கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் திடமான கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஊர். லண்டனை ஒட்டியிருக்கிற ரிச்மண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வடக்கே, ஸ்வேல் ஆற்றங்கரையில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று, அதன் அடியில் கருங்கல் பாவிய பெரிய சந்தைத் திடல், அதிலிருந்து பிரியும் குறுகலான சந்துகள். அப்படி ஒரு சந்துக்கு ஃப்ரையர்ஸ் வைண்ட் என்று பெயர். அந்தச் சந்தின் முனையில் ஓடு வேய்ந்த கல் கட்டடம் ஒன்று நிற்கும், பார்த்தால் தானியக் களஞ்சியம் மாதிரி இருக்கும். முதல் தடவை போனபோது அதைத் தாண்டிப் போய்விட்டு, வழி கேட்டுத் திரும்பி வந்தேன். தூண் இல்லை, சிற்பம் இல்லை, முகப்பு என்று எதுவுமே இல்லை. கட்டியவர் காசை எல்லாம் உள்ளேதான் போட்டிருக்கிறார்.

கட்டியவர் சாமுவேல் பட்லர். ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் ஆண்ட காலம் அது, ஜார்ஜியன் என்பது அதைத்தான் குறிக்கிறது. நடிகர், கூடவே நாடகக் கம்பெனி முதலாளி. அவர் ஏன் சரியாக 1788-இல் கட்டினார் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1737-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, அரசு உரிமம் பெற்ற ஒருசில அரங்குகளைத் தவிர வேறெங்கும் காசு வாங்கி நாடகம் போடக் கூடாது. போட்டால் நாடோடி, போக்கிரி என்ற பட்டியலில் சேர்த்துப் பிடித்துப் போகலாம். வெளியூர்க் கம்பெனிகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தன: டிக்கெட் வாங்குவது பாட்டுக் கச்சேரிக்கு, நடுவில் வரும் நாடகம் இலவசம். உள்ளூர் நீதிபதி கண்டுகொள்ளாமல் இருந்தால் ஓடும், முறைத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட தொழிலில் யார் சொந்தக் காசைப் போட்டுக் கல் கட்டடம் கட்டுவார்கள்? 1788-இல் புதுச் சட்டம் வந்தது. லண்டனுக்கு வெளியே, உள்ளூர் நீதிபதிகளே 60 நாள் வரை நாடகத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்றது. அதே வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி பட்லர் ரிச்மண்டில் கதவைத் திறந்தார்.

60 நாள் என்றால் ஒரே ஊரில் உட்கார்ந்து பிழைக்க முடியாது. அதனால் பட்லருடைய கம்பெனி ஒரு சுற்று வைத்திருந்தது: ரிச்மண்ட், ரிப்பன், ஹாரகேட், நார்த்தலர்ட்டன், பெவர்லி, விட்பி, அப்புறம் மலையைத் தாண்டிக் கெண்டல், அல்வர்ஸ்டன். அப்போது ரயில் கிடையாது. ஆட்களும், சீன் தட்டிகளும், உடுப்புப் பெட்டிகளும் அத்தனையும் சாலை வழியாக ஊர் ஊராகப் போகும். எந்த ஊரில் எப்போது கூட்டம் கூடுமோ அந்தச் சமயம் பார்த்துப் போவார்கள், சந்தையோ குதிரைப் பந்தயமோ நடக்கும் வாரமாகப் பார்த்து. ஊர் சின்னது, அதே நூறு இருநூறு பேர்தான் திரும்பத் திரும்ப வரவேண்டும், எனவே நாடகத்தை அடிக்கடி மாற்றியாக வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஒரு பெரிய நாடகம், இடையில் பாட்டும் ஆட்டமும், கடைசியில் ஒரு சிரிப்பு நாடகம். நடிகர்கள் டஜன் கணக்கில் பாடம் தலைக்குள் வைத்திருப்பார்கள். கட்டணம் பாக்ஸுக்கு (தடுப்பு வைத்த தனி இருக்கைப் பகுதி) 3 ஷில்லிங், பிட்டுக்கு (மேடைக்கு முன்னால் இருக்கும் கீழ்த்தளம்) 2, கேலரிக்கு (எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மாடம்) 1.

பட்லர் 1812-இல் இறந்தார். பெவர்லியில் செயின்ட் மேரி தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதில் பொறித்திருப்பது மேக்பெத் நாடகத்தின் ஒரு வரி, மேடையில் தன் நேரத்துக்கு ஆடித் தீர்த்துவிட்டு அப்புறம் சத்தமே கேட்காமல் போகிற ஏழை நடிகனைப் பற்றியது. நடிகனைச் சமூகத்தில் ஓரமாக வைத்திருந்த காலத்தில், ஒரு தேவாலயச் சுவரில் அந்த வரியோடு இடம் கிடைத்தது சின்ன விஷயமில்லை.

இனி உள்ளே போவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வாசலில் நுழைந்ததும் டிக்கெட் கூண்டு. பட்லர் காலத்து அசல். ஓர் ஆள் உட்கார்ந்தால் அடைந்துவிடும், முழங்கையை விரிக்க முடியாது. அங்கிருந்து படி பிரிகிறது, கீழே இறங்கினால் பிட், ஏறினால் பாக்ஸ், இன்னும் ஏறினால் கேலரி. மொத்தக் கட்டடமே ஏறக்குறைய அறுபதடி நீளம், முப்பதடிக்குள் அகலம், அதற்குள்தான் மேடையும் வரவேண்டும், பார்வையாளர்களும் வரவேண்டும். நடுவில் தரை பள்ளமாக இறங்கியிருக்கும், அதுதான் பிட். அதைச் சுற்றி மூன்று பக்கமும் எளிமையான தூண்களுக்கு நடுவில் மரத் தடுப்பு வைத்த பாக்ஸ்கள். முகப்பில் நாடக ஆசிரியர்கள் பெயர் எழுதியிருக்கும், மேடைக்கு நேர் எதிரே நடுநாயகமாக ஷேக்ஸ்பியர். அதற்கு மேல் கேலரி.

பக்கவாட்டு பாக்ஸில் உட்கார்ந்து பார்த்தால் மேடையில் பாதிதான் தெரியும். ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் அச்சாகத் தெரியும். கட்டியவருக்கு விவரம் போதாமல் செய்த தவறு என்று இதை நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் நாடகம் நடக்கும்போது அரங்கத்து விளக்கை அணைப்பதில்லை, மெழுகுவத்திகள் மேடையிலும் எரியும், பார்வையாளர் பக்கமும் எரியும். மூன்று ஷில்லிங் கொடுத்து வருகிறவர் பார்க்கவும் வருகிறார், ஊரார் தன்னைப் பார்க்கவும் வருகிறார். மேடையின் முன்பகுதி பார்வையாளர்களுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் இரு பக்கமும் கதவுகள், நடிகர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு நேராக உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு நடிகை மூச்சை இழுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது, நான் இருந்தது மேலே கேலரியில்.

கேலரியைப் பற்றி இன்னொன்று. பெஞ்சுக்கு முன்னால் கால் படும் இடத்தில் பலகை அடித்திருக்கிறது. ஒரு ஷில்லிங் ஜனம் நாடகம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதில் எட்டி உதைத்துத்தான் தெரிவிக்கும். அந்தப் பலகைகள் இன்னும் இருக்கின்றன. லேசாகக் காலால் தட்டிப் பார்த்தேன், மொத்த அரங்கமும் மத்தளம் மாதிரி அதிர்கிறது. பட்லர் காலத்தில் 400 பேர் வரை அடைத்திருக்கிறார்கள் என்கிறார்கள், இன்று அதைவிட மிகக் குறைவுதான். அத்தனை பேரும் சேர்ந்து உதைத்தால் கீழே வசனம் பேசுகிறவன் கதி என்னவாகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, எப்படி மூடியது? பட்லருக்குப் பிறகு அவர் மகன் நடத்தினார், 1830-இல் அந்தக் குத்தகை முடிந்தது. அதற்குள் இங்கிலாந்து முழுக்கவே இந்த ஊர்ச்சுற்றுக் கம்பெனிகள் நொடிந்துகொண்டிருந்தன. 1830-க்குப் பிறகு ரிச்மண்டில் எப்போதாவது ஒரு நாடகம், அவ்வளவுதான். 1846-இல் ஊருக்கு ரயில் வந்தது, 1848-இல் அரங்கத்தை ஏலக்கடைக்கு விட்டுவிட்டார்கள். பிட் இருந்த இடத்திலும் மேடைக்கு அடியிலும் ஒயின் வைக்கப் பாதாள அறைகள் கட்டினார்கள். பிறகு தானிய வியாபாரி வைத்திருந்தார், மேஜை நாற்காலி அடுக்கும் குடோனாக இருந்தது, இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் சேகரிக்கும் இடமாக இருந்தது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இப்படி அரங்குகள் இருந்தன. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏன்? மரமும் துணியும் பெயின்ட்டும் திறந்த நெருப்பும் ஒரே இடத்தில். லண்டனில் கோவென்ட் கார்டன் அரங்கம் 1808-இல் எரிந்தது, மறு வருஷமே டிரூரி லேன் எரிந்தது. 1887-இல் எக்ஸிட்டர் நகரத் தியேட்டரில் நாடகம் நடக்கும்போதே தீப்பிடித்து 186 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின, பழைய அரங்குகளை இடித்துக் கட்டினார்கள் அல்லது உள்ளே மொத்தமாக மாற்றினார்கள். எரியாதவற்றையும் ரசனை விடவில்லை: மரப் பெஞ்சுக்குப் பதில் மெத்தை நாற்காலி, பாக்ஸுக்குப் பதில் வளைந்த பால்கனி, தங்க முலாம் பூசிய பூவேலை, கடைசியில் சினிமா வந்ததும் வெள்ளித்திரை. அதாவது வியாபாரம் நன்றாக நடந்த அரங்குகள்தான் காணாமல் போயின. ரிச்மண்டில் அதை மாற்றிக் கட்ட ஒருவருக்கும் காரணம் இல்லை, தானிய மூட்டைக்கு பால்கனி எப்படியிருந்தால் என்ன? ஆனால் மூட்டை நனையக் கூடாது. ஆகவே கூரையை மட்டும் யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழைய கட்டடம் வைத்திருக்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கூரையைப் பாருங்கள், பிறகு எதாவது ஒரு சாதாரண உபயோகத்துக்குக் கொடுத்து ஆள் புழங்க விடுங்கள். பூட்டிப்போட்டு நிதி வரும்வரை காத்திருந்தால் நிதி வரும்போது கட்டடம் இருக்காது.

திரும்ப உயிர் வந்தது போர்க்காலத்தில். 1943-இல் அந்த ஊருக்கு நகர உரிமை கிடைத்து 850 ஆண்டு நிறைவடைந்ததைக் கொண்டாட உள்ளே இருந்ததை ஒதுக்கி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அப்போதுதான் பலருக்கு இது என்ன இடம் என்றே தெரிந்தது. நாடக வரலாற்று ஆய்வாளர் ரிச்சர்ட் சதர்ன் மாதிரியானவர்கள் இதை அளந்து, படித்து, இதன் அருமையை எடுத்துச் சொன்னார்கள். 1960-இல் லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளை உருவானது, லேடி கிராத்தோர்ன் அதில் முன்னால் நின்றார், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள், 1963-இல் மறுபடி திரை எழுந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எவ்வளவு பழசு? சுவர், பாக்ஸ் அமைப்பு, தூண்கள், கேலரி, டிக்கெட் கூண்டு, உதை பலகை, அரங்கத்தின் வடிவம் எல்லாம் பட்லருடையது. பாதாள அறைகள் விழுங்கிய பகுதி, அதாவது பிட்டும் மேடையின் அடிப்பகுதியும், திரும்ப உருவாக்கியது. அதை உருவாக்கும்போது சதர்ன் போன்றவர்கள் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஏனென்றால் வெறும் கட்டடக்கலை தெரிந்தவருக்கு ஒரு மரக்கட்டையில் இருக்கும் வெட்டு வெறும் வெட்டுதான். அந்தக் கால மேடை எப்படி இயங்கியது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த இடத்தில் ஒரு சீன் தட்டி சறுக்கி நகர்ந்திருக்கிறது என்று புரியும்.

சீன் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் நாடகக் காட்சித் தட்டிகளில் முழுமையாக இருப்பவற்றில் மிகப் பழையது இங்கேதான் இருக்கிறது. உட்லேண்ட் சீன் என்பார்கள். 1818-க்கும் 1836-க்கும் இடையில் ஜார்ஜ் ரோஜர்ஸ் என்பவர் வரைந்தது. பின்னால் ஒரு படுதா, இரு பக்கமும் மரங்கள் தீட்டிய தட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக நின்று காட்டுக்குள் ஆழம் காட்டும். தட்டியைத் திருப்பினால் பின்பக்கம் நீல நிற வீட்டு வரவேற்பறை! ஒரே மரச்சட்டத்தில் காடும் வீடும். செலவும் பாதி, வைக்க இடமும் பாதி. கிட்டே போய்ப் பார்த்தால் இலைகள் எல்லாம் வெறும் தூரிகை இழுப்புகள், தடித்தடியாக, கொஞ்சம் அவசரமாகக்கூடத் தெரியும். பத்தடி பின்னால் வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தை மனதில் வைத்துப் பார்த்தால்தான் அவை இலையாகின்றன. மின்விளக்கு வெளிச்சத்தில் இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நகர்ந்துபோன ஒருவரை நிறுத்தி இதை விளக்கியிருக்கிறேன். 1979-இல் அரங்கத்தோடு சேர்த்து ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள்.

ஒருமுறை புதுப்பித்தால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு 2003 நல்ல பாடம். 1963-க்குப் பிறகு நாற்பது வருஷத்தில் மறுபடி பெரிய வேலை தேவைப்பட்டது, சுமார் 16 லட்சம் பவுண்டு செலவானது. இந்தத் தடவை பழைய கூடத்தைச் சீர்செய்ததோடு பக்கத்தில் ஒரு புதுப்பகுதி கட்டினார்கள். பட்லர் கட்டியபோது கழிப்பறை, வரவேற்புக்கூடம், பார் எதுவும் கிடையாது. அதையெல்லாம் பழைய சுவருக்குள் திணித்திருந்தால் பாக்ஸையோ படியையோ தின்றிருக்கும். அதனால் புதுசு வெளியே, பழசு உள்ளே என்று பிரித்தது மிகச் சரியான முடிவு. எனக்குத் தெரிந்து இந்த ஒரு முடிவில்தான் பல ஊர்களில் கோட்டை விடுகிறார்கள், அவசியமான வசதிகளைக் கொண்டுவருகிறேன் என்று பழைய கட்டடத்தின் வயிற்றைக் கிழித்துவிடுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊர் இருக்கிறது, கிழக்கு இங்கிலாந்தில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். அங்கே இருக்கும் தியேட்டர் ராயல் 1819-இல் திறந்தது, வரைந்தவர் வில்லியம் வில்கின்ஸ், பின்னாளில் லண்டன் நேஷனல் கேலரியை வடிவமைத்தவர். அது 20-ஆம் நூற்றாண்டுவரை ஓடியது. ஓடியதால் 1906-இல் உள்ளே மாற்றினார்கள். 1925-இல் மூடி, சொந்தக்காரர்களான கிரீன் கிங் பீர் கம்பெனி பீப்பாய் அடுக்கப் பயன்படுத்தியது. இங்கேயும் குடோன்தான் பாருங்கள். 1965-இல் மறுபடி திறந்தது, 2005-இலிருந்து 2007 வரை பெரிய மீட்பு வேலை நடந்தது. அங்கே வந்த சிக்கல் ரிச்மண்டில் வரவில்லை: எந்த வருஷத்துக்குத் திரும்புவது? 1819-க்கா, 1906-க்கா? 1906-இல் செய்ததும் வரலாறுதானே என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் 1819-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், வானமும் மேகமும் தீட்டிய விதானத்தோடு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கழற்றித் திரும்பக் கட்டியதால் கிடைத்த அழகு. ரிச்மண்டில் கழற்ற அதிகம் இல்லை.

நடத்துவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் எத்தனை விலை வைத்தாலும் பெரிய நாடகக் குழுவின் கூலி கட்டாது. அதனால் சின்னக் குழுக்கள், ஒற்றை ஆள் நாடகம், இசை, உள்ளூர் அமெச்சூர் நாடகக்காரர்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்கான பாண்டோமைம் என்ற வேடிக்கை நாடகம் என்று கலந்து ஓட்டுகிறார்கள். அரங்கத்தைச் சுற்றிக் காட்டுவது, டிக்கெட் கிழிப்பது போன்ற வேலைகளுக்குத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். எனக்குச் சுற்றிக் காட்டிய அம்மா ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு பெஞ்சின் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. குழுவில் இருந்த ஒரு சின்னப் பையனைக் கேலரிக்கு அனுப்பி, "உன் பலம் கொண்டமட்டும் உதை" என்றார். அவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான், பிறகு நிறுத்தவே இல்லை.

போவதாக இருந்தால் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள், ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுங்கள். நடு பாக்ஸ் கிடைத்தால் நல்லது, மேடை முழுசாகத் தெரியும். கிடைக்காவிட்டால் தாராளமாகக் கேலரிக்குப் போங்கள், முதுகு வலிக்கும், முழங்கால் முன் பெஞ்சில் இடிக்கும், ஆனால் மேடையில் இருப்பவர் மூச்சு வாங்குவதுகூட அங்கே கேட்கும்.